காவல் இல்லாத நாட்கள்: இரத்தப் புற்றுநோயும் நுரையீரல் பூஞ்சணமும்

பாண் ஒன்றை வாங்கி, பையோடு இரண்டு மூன்று நாள் மறந்துவிட்டால் அதன்மேல் பஞ்சுபோல வெள்ளையாக ஒன்று படரும். அடுத்த நாள் பார்த்தால் அதன் நுனிகளில் கறுப்புப் புள்ளிகள். வீட்டில் இதைப் பூஞ்சணம் என்போம், பாடசாலைப் புத்தகத்தில் பங்கசு. மட்டக்களப்பின் ஈரக் காற்றில் அது பிடிக்காத பொருள் குறைவு. மாரியில் அலுமாரிக்குள் தொங்கும் சட்டை, தோல் செருப்பு, கருவாடு, வெள்ளம் வடிந்த சுவர், களத்தில் நனைந்துபோன வைக்கோல், எல்லாவற்றிலும் அது வரும்.

அது மனிதரின் நெஞ்சுக்குள்ளும் வளரக்கூடியது என்பதை என் மாமாவின் வருத்தத்தோடுதான் அறிந்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி, படுவான்கரையில் வயல் செய்கிறவர். பல் முரசில் இரத்தம் கசிகிறது, நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று போனவருக்கு ஏ.எம்.எல். எனப்படும் தீவிரமான இரத்தப் புற்றுநோய் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாம் சுற்று மருந்து ஏற்றி வீட்டுக்கு வந்திருந்த நாட்களில் நுரையீரலில் பூஞ்சணத் தொற்று பிடித்தது. அப்போது எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இப்படி ஒன்று உண்டென்று தெரியாது. தெரிந்திருந்தால் ஓர் இரவை நாங்கள் இழந்திருக்க மாட்டோம். நான் டொக்டர் இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. அந்த இரவுக்குப் பிறகு கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொண்டதை, இதே நிலையில் இருக்கிற இன்னொரு வீட்டுக்காக எழுதுகிறேன்.

காற்றில் எப்போதும் இருப்பது

பூஞ்சணம் வித்திகளால் பரவும். பாணில் தெரிந்த கறுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் வித்திகள் நிறைந்த ஒரு பை. அது உடைந்தால் வித்திகள் காற்றில் ஏறி எங்கும் போகும். இரத்தப் புற்றுநோயாளரின் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சணங்களில் முதலிடம் அஸ்பேர்ஜிலஸ் என்ற இனத்துக்கு, அதிலும் அஸ்பேர்ஜிலஸ் பியூமிகேற்றஸ் என்ற வகைக்கு. அதன் வித்தி ஒன்றின் விட்டம் 2 முதல் 3 மைக்கிரோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் இருபது வித்திகளைப் பக்கம் பக்கமாக வைத்துவிடலாம். இவ்வளவு சின்னதாக இருப்பதால் அது மூக்கிலும் தொண்டையிலும் சிக்குவதில்லை. மூச்சுக் குழாய்களின் கடைசிக் கிளைவரை, காற்றும் இரத்தமும் சந்திக்கும் சிற்றறைகள்வரை, நேராகப் போய்விடும். நாம் ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் இந்த வித்திகளைச் சுவாசிக்கிறோம். இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதும் சில உள்ளே போயிருக்கும்.

பெயருக்கு ஒரு கதை உண்டு. 1729இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பியெர் அன்ரோனியோ மிக்கேலி என்ற பாதிரியார் இதை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். அவர் தாவரவியல் அறிஞரும்கூட. நீண்ட தண்டு, அதன் நுனியில் உருண்டைத் தலை, தலையைச் சுற்றி வித்திகள். தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவியைப் போலவே அவருக்குத் தெரிந்தது, அந்தக் கருவியின் லத்தீன் பெயரையே வைத்துவிட்டார். புளியந்தீவுத் தேவாலயத்தில் பூசைக்குப் போகிறவர்களுக்கு அந்த உருவம் சட்டென்று பிடிபடும்.

பூமியில் பூஞ்சண வகைகள் ஏராளம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை நம் உடம்புச் சூட்டைத் தாங்காது. பியூமிகேற்றஸ் தாங்கும். நனைந்த வைக்கோற்போருக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே சுடும். உக்கும்போது உண்டாகும் அந்தச் சூட்டில், 50 பாகை செல்சியஸிலும், வளரப் பழகியது இது. அதற்கு நம் உடம்பின் 37 பாகை ஒரு பொருட்டே இல்லை. வைக்கோல், உக்கிய இலை, சாணக் குவியல், கோழி எரு, நனைந்த உமி எல்லாம் அதன் சொந்த இடங்கள். அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் நெல்லோடு வாழ்கிற எவரும் அதோடும் சேர்த்தே வாழ்கிறோம்.

அப்படியானால் நாம் ஏன் எல்லோரும் நோயில் விழவில்லை?

பரணில் ஆள் இல்லாத இரவு

படுவான்கரையில் கதிர் முற்றும் காலத்தில் யானைக்குக் காவல் இருப்பார்கள். மரத்தில் பரண் கட்டி, தீவட்டியும் வெடியும் வைத்துக்கொண்டு விடியவிடிய விழித்திருப்பார்கள். யானை காட்டில் எல்லா நாளும் நிற்கிறது. வயல் அழிவது பரணில் ஆள் இல்லாத இரவில். மாமாவுக்கு வந்த வருத்தத்தை எனக்கு நானே விளங்கப்படுத்திக்கொண்டது இந்த உவமையால்தான், இன்றுவரை இதைவிட நல்லது கிடைக்கவில்லை.

நம் நுரையீரலின் காவலில் இரண்டு நிலைகள். சிற்றறைகளிலேயே குடியிருக்கும் பெரிய விழுங்கிக் கலங்கள் முதல் நிலை. வந்து விழும் வித்திகளைப் பிடித்து விழுங்கி அழித்துவிடும். அதையும் தப்பி ஒரு வித்தி முளைத்தால், அதிலிருந்து நூல் போன்ற இழை வளரத் தொடங்கும். அந்த இழை நீளமானது, விழுங்க முடியாது. அப்போது இரண்டாம் நிலை வரும். அதுதான் நியூட்ரோபில் என்ற வெண்குருதிக் கலம். பாடப்புத்தகத்தில் நடுநிலைநாடி என்று இருக்கும், வாட்டில் எல்லோரும் நியூட்ரோபில் என்றே சொல்வார்கள். அவை கூட்டமாக வந்து இழையைச் சூழ்ந்து நஞ்சைக் கொட்டிக் கொல்லும். தாமும் செத்துப்போகும். எலும்புக்குள் இருக்கும் என்பு மச்சை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் நியூட்ரோபில்களைப் புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டே இருப்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இரத்தப் புற்றுநோய் அந்தப் பட்டறைக்குள்ளேயே வருகிறது. ஏ.எம்.எல். வந்தவரின் இரத்த அறிக்கையில் வெண்குருதிக் கலம் ஓர் இலட்சம் என்றுகூட இருக்கலாம். பார்த்தால் காவல் கூடியிருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அவை முதிராத, சண்டை போடத் தெரியாத கலங்கள். வேலை தெரிந்தவை மிகச் சில. அப்புறம் மருந்து ஏற்றுகிறார்கள். சைற்றரபீன் 7 நாள், அதோடு டோனோரூபிசின் போன்ற ஒன்று 3 நாள் என்பது ஏ.எம்.எல்.லுக்கு உலகெங்கும் பல காலமாக இருந்துவரும் முதல் சுற்று. அது புற்றுக் கலங்களை அழிக்கும்போது மச்சையில் மிச்சமிருக்கும் நல்ல கலங்களையும் அழிக்கிறது. பிறகு மச்சை மீண்டும் தளிர்க்க மூன்று வாரம், சிலருக்கு நாலு வாரமும் ஆகும். அந்த நாட்கள்தான் பரணில் ஆள் இல்லாத நாட்கள்.

இதற்கு ஓர் எண் இருக்கிறது, அதை நோயாளியின் வீட்டார் வாசிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. அறிக்கையில் மொத்த வெண்குருதிக் கலம் 1200 என்றும், அதில் நியூட்ரோபில் 20 வீதம் என்றும் இருந்தால், நியூட்ரோபில் 240. சுகமாக இருப்பவருக்கு அது ஒரு மைக்கிரோலீற்றரில் 2000க்கு மேல் இருக்கும். 500க்குக் கீழே போனால் ஆபத்து, 100க்குக் கீழே போனால் பேராபத்து. எத்தனை நாள் கீழே கிடக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். ஒரு வாரத்துக்குள் ஏறிவிட்டால் பெரும்பாலும் பற்றீரியாவோடு மட்டும்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பத்து நாளைத் தாண்டினால் பூஞ்சணம் நினைவுக்கு வர வேண்டும். நாங்கள் கலண்டரில் கிளினிக் திகதியை மட்டும் வட்டமிட்டு வைத்திருந்தோம். மருந்து ஏற்றிய நாளிலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இரத்தப் புற்றுநோய் எல்லாவற்றிலும் ஆபத்து ஒரே அளவு இல்லை. ஏ.எம்.எல்.லில் அதிகம். என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்தவர்களிலும் அப்படியே. லிம்போமா, மயலோமா போன்றவற்றில் குறைவு, ஆனால் பிரெட்னிசொலோன், டெக்சாமெதசோன் போன்ற ஸ்ரெரொயிட் மருந்தை நீண்ட நாள் எடுக்கும்போது முதல் நிலைக் காவலான விழுங்கிக் கலங்களும் மந்தமாகிவிடும். சீனி வருத்தமும் சேர்ந்தால் பாணில் கண்ட அந்தக் கறுப்புப் பூஞ்சணத்தின் குடும்பத்துக்கு வாய்ப்பாகிவிடுகிறது. மியூக்கர் குடும்பம் என்பார்கள். 2021இல் இந்தியாவில் கொரோனாவோடு சேர்த்துக் ‘கறுப்புப் பூஞ்சை’ என்று செய்திகளில் கேட்டோமே, அது இதுதான்.

காய்ச்சல்

பூஞ்சணம் நுரையீரலுக்குள் செய்வதை விளங்கிக்கொண்டால் அறிகுறிகள் தாமாகவே விளங்கும். முளைத்த இழை திசுவைத் துளைத்துக்கொண்டு இரத்தக் குழாய்க்குள் புகும். குழாய்க்குள் இரத்தம் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். வாய்க்காலை அடைத்தால் கீழ் வட்டை காய்ந்துபோகும் அல்லவா, அதேபோல அந்தக் குழாய் ஊட்டிய நுரையீரல் துண்டு சாகும். மூச்சை உள்ளே இழுக்கும்போது ஓரிடத்தில் குத்துவதும், சளியில் இரத்தம் வருவதும், வறட்டு இருமலும், மூச்சு முட்டுவதும் இதனால்தான். ஆனால் இவை எல்லாம் பிந்தி வருபவை. முதலில் வருவது காய்ச்சல் மட்டும், பல பேருக்கு வேறு ஒன்றுமே இருக்காது.

ஏன் ஒன்றுமே இருக்காது? முள் குத்திய இடத்தில் சீழ் கட்டுகிறதே, அந்தச் சீழ் என்பது பெரும்பாலும் போராடிச் செத்த நியூட்ரோபில்கள். நெஞ்சுச் சளி மஞ்சளாக, பச்சையாக வருவதும் அவற்றால். நியூட்ரோபில் இல்லாதவருக்குச் சீழும் இல்லை, சளியும் இல்லை, எக்ஸ்ரேயிலும் வெள்ளையாகத் தெரிய ஒன்றும் சேராது. உள்ளே வயல் அழிந்துகொண்டிருக்கும், வெளியே சத்தமே இருக்காது. ‘சளி இல்லையே, சும்மா காய்ச்சல்தானே’ என்று நாங்கள் நினைத்தது இதை அறியாததால்.

அன்று மருந்து ஏற்றிப் பதினைந்தாம் நாள். பொழுது பட்ட பிறகு மாமா குளிருகிறது என்றார். மாமி நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. இரண்டு பனடோல் கொடுத்து, போர்த்திப் படுக்க வைத்தோம். வியர்த்துக் காய்ச்சல் விட்டது. நிம்மதியாகத் தூங்கினோம். விடியற்காலை நாலு மணிக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது, அவருக்கு எழுந்து நிற்கவும் முடியவில்லை.

செய்திருக்க வேண்டியது இது. காய்ச்சல் அளக்கும் கருவி வீட்டில் இருக்க வேண்டும். வெண்கலம், அதாவது வெண்குருதிக் கலம், குறைவான நாட்களில் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட், ஒரு மணித்தியாலம் நின்றால் அது அவசரம். 38.3 ஒரு தடவை காட்டினாலே அவசரம். இராத்திரியா, போயாவா, மழையா என்று பார்க்கக் கூடாது. அளப்பதற்கு முன் பனடோல் போட்டால் காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று மறையாது. பின்பக்கம் வைக்கும் காய்ச்சல் மருந்தும் வேண்டாம், அந்த இடத்தில் சின்னக் கீறல் பட்டாலும் கிருமி புகும், இரத்தமும் நிற்காது. நல்ல நுண்ணுயிர்க்கொல்லி ஊசி, வைத்தியசாலைக்குப் போய் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி.

எங்கே போவது என்பதில் நம் பக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு. மருந்து ஏற்றியது கொழும்புப் பக்கம் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் என்றால், காய்ச்சலுக்கும் அங்கேதான் போக வேண்டும் என்று இரவு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம். அது வேண்டாம். பக்கத்திலுள்ள பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள், மட்டக்களப்போ கல்முனையோ அம்பாறையோ. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. முதல் ஊசி அங்கே ஏறட்டும், மற்றதைப் பிறகு டொக்டர்மார் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். கிளினிக் கொப்பியையும் டயக்னோசிஸ் கார்டையும் கையில் எடுங்கள். வாசலில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொன்னால் காய்ச்சல்காரர் வரிசையில் இருக்க வைத்துவிடலாம். ‘இரத்தப் புற்றுநோய், இன்ன திகதி மருந்து ஏற்றியது, வெண்கலம் குறைவு, இப்போது காய்ச்சல்’ என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

கண்டுபிடிப்பதற்குள்

முதலில் கொடுப்பது பற்றீரியாவுக்கான மருந்து. அது சரியானதே, ஏனென்றால் முதல் நாட்களில் ஆளை விரைவாகக் கொல்லக்கூடியது பற்றீரியா. ஆனால் நாலைந்து நாள் அந்த ஊசி ஏறியும் காய்ச்சல் விடவில்லை, அல்லது விட்டுவிட்டுத் திரும்பவும் வருகிறது என்றால், பூஞ்சணத்தைத் தேடும் நேரம் வந்துவிட்டது. அந்த நாட்களில் ‘ஊசி மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை போல’ என்று வாட்டில் பல வீட்டார் கலங்குவதைப் பார்த்தேன். நானும் கலங்கினேன். ‘இது பூஞ்சணமாக இருக்குமா, சி.டி. எடுக்க வேண்டுமா?’ என்று மரியாதையாகக் கேட்பதில் பிழையே இல்லை.

சாதாரண எக்ஸ்ரே தொடக்கத்தில் ஏமாற்றிவிடும். சி.டி. ஸ்கேன் தான் காட்டும். உருண்டையான ஒரு கட்டி, அதைச் சுற்றி மங்கிய வெள்ளை வளையம், மழைக்கு முன் நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டுமே, அதைப் போல. நடுவில் இருப்பது செத்த நுரையீரல், வளையமாகத் தெரிவது அதைச் சுற்றிக் கசிந்த இரத்தம். மாமாவின் வலப்பக்க மேல் மடலில் அப்படி ஒன்று இருந்தது. டொக்டர் திரையில் காட்டியபோது, எங்களுக்கு நிலவுக் கோட்டை என்றே தோன்றியது.

சி.டி. சந்தேகத்தை வலுவாக்கும், ஆளை அடையாளம் காட்டாது. அதற்கு அஸ்பேர்ஜிலஸின் சுவரிலிருந்து கழன்று இரத்தத்தில் மிதக்கும் கலக்ரோமன்னன் என்ற சர்க்கரையைத் தேடும் சோதனை இருக்கிறது. மியூக்கர் குடும்பத்தை அது காட்டாது. மூச்சுக் குழாய்க்குள் மெல்லிய கமராக் குழாயை விட்டு, கொஞ்சம் உப்புநீரால் கழுவி, அந்த நீரை எடுத்துப் பார்ப்பதும் உண்டு. அதில் இழைகளை நுணுக்குக்காட்டியில் கண்டால் வகையையே ஊகிக்கலாம். அஸ்பேர்ஜிலஸ் இழை மெல்லியது, குறுக்குச் சுவர் உள்ளது, கவட்டைபோலக் கூர்ங்கோணத்தில் பிரியும். மியூக்கர் இழை அகலமானது, நாடாவைப்போல மடங்கும், ஏறக்குறையச் செங்கோணத்தில் பிரியும். சதையை எடுத்துச் சோதித்தால் சந்தேகமே இருக்காது, ஆனால் இரத்தத்தை உறைய வைக்கும் குருதிச் சிறுதட்டு குறைந்தவரின் நெஞ்சில் ஊசி குத்துவது எளிதான முடிவில்லை. கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பூஞ்சணங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. மாதிரி போய் முடிவு வரும்வரை காத்திருந்தால் காலம் போய்விடும், அதனால் பெரும்பாலும் சி.டி.யைப் பார்த்தவுடன் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். உறுதியில்லாமல் கொடுக்கிறார்களே என்று பயப்பட வேண்டாம். இந்த நோயில் உறுதிக்காகக் காத்திருப்பதே பெரிய ஆபத்து.

மருந்து

பற்றீரியாவைக் கொல்லும் மருந்துகள் நிறைய, பூஞ்சணத்தைக் கொல்பவை கைவிரல்களுக்குள். காரணம் வியப்பானது. பூஞ்சணம் செடியைப்போலத் தெரிந்தாலும் உறவில் செடியைவிட விலங்குக்கே, அதாவது நமக்கே, கிட்ட. அதன் கலமும் நம் கலமும் பல விதத்தில் ஒன்றுபோல. அதைக் கொல்லப் போனால் நம்மையும் தாக்கும். முக்கியமான ஒரு வித்தியாசம், நம் கலத்தின் தோலில் கொலஸ்ரரோல் இருக்கிறது, பூஞ்சணத்தின் தோலில் எர்கொஸ்ரரோல். பெரும்பாலான மருந்துகள் அந்த ஒற்றை வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டே வேலை செய்கின்றன.

பழையது அம்போடெரிசின். 1950களில் வெனிசுவேலாவின் ஒரினோக்கோ ஆற்றுப்பக்க மண்ணிலிருந்த நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. எர்கொஸ்ரரோலைப் பிடித்துப் பூஞ்சணத்தின் தோலில் ஓட்டை போடும். சக்தியானது, ஆனால் ஏறும்போது குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும், சிறுநீரகத்தைத் தாக்கும், பொட்டாசியத்தை இறக்கும். கொழுப்புத் துகளுக்குள் பொதிந்த புதிய வடிவம் இந்தத் தொல்லைகளைக் குறைத்திருக்கிறது. மியூக்கருக்கு இன்றும் அதுவே முதல் மருந்து.

அஸ்பேர்ஜிலஸுக்கு முதல் மருந்துகளில் ஒன்று வொரிகொனசோல். 2002இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், வொரிகொனசோலோடு தொடங்கியவர்களில் 12 வாரம் முடிவில் 70.8 வீதமானோர் உயிரோடு இருந்தார்கள். அம்போடெரிசினோடு தொடங்கியவர்களில் 57.9 வீதம். இந்த எண்களை நான் ஒளிக்க விரும்பவில்லை. இது ஆளைக் கொல்லக்கூடிய நோய். பத்துப் பேரில் ஏழு பேர் தாண்டினார்கள் என்பதும் அதே எண்ணில் இருக்கிறது. விரைவாகத் தொடங்கியவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

வீட்டில் இந்தக் குளிசையைக் கொடுக்கும்போது சில விடயங்கள் உண்டு. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, சாப்பாட்டோடு சேராமல், சாப்பிடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னோ பின்னோ. விழுங்கிக் கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் கூசுவதும் நிறங்கள் மாறித் தெரிவதும் பல பேருக்கு நடக்கும், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். மாமா முதல் நாள் ‘பல்ப்பைச் சுற்றி வானவில் நிற்கிறது’ என்று பயந்துவிட்டார். அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது. தோல் வெயிலில் சுலபமாகப் பொசுங்கும், நம் வெயிலுக்கு நீளக் கைச் சட்டையும் தொப்பியும் இல்லாமல் வெளியே போக விடாதீர்கள். கண் மஞ்சளானால், பசி செத்தால், ஈரலைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்த மருந்து மற்ற மருந்துகளோடு மோதும். வின்கிறிஸ்ரீன் என்ற புற்றுநோய் மருந்தோடு சேர்ந்தால் நரம்புகளைப் பாதிக்கும், கை கால் விறைக்கும், குடல் அசையாமல் வயிறு கட்டும். அதனால் எடுக்கிற எல்லாவற்றையும், நாட்டு மருந்துக் குடிநீர் உட்பட, டொக்டருக்குச் சொல்ல வேண்டும். மறைத்தால் பேச்சு விழாது என்று நினைத்து மறைக்கிறோம். அந்த மறைவுக்கு விலை கொடுப்பது படுக்கையில் இருப்பவர்.

எத்தனை நாள் என்றால், குறைந்தது 6 முதல் 12 வாரம். நியூட்ரோபில் ஏறாமல் எந்த மருந்தாலும் முழுதாக முடியாது, மருந்து யானையைத் தடுத்து நிறுத்தும், விரட்டுவதற்குப் பரணில் ஆள் திரும்பி வர வேண்டும். வெண்கலத்தைக் கூட்டும் ஊசியைச் சில நேரம் போடுவது அதற்காகத்தான்.

ஆபத்து அதிகமானவர்களுக்கு வருமுன்பே பொசகொனசோல் போன்ற மருந்தைக் கொடுத்துக் காப்பதும் உண்டு. நிமோசிஸ்ரிஸ் என்ற இன்னொரு பூஞ்சணம் இருக்கிறது. 1988வரை அதை வேறு இனமென்றே நினைத்திருந்தார்கள், அதன் தோலில் எர்கொஸ்ரரோல் இல்லாததால் வழக்கமான பூஞ்சண மருந்துக்கு அடங்காது. இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு வாரத்தில் சில நாள் கொற்றைமொக்சசோல் குளிசை கொடுப்பது அதற்காக. காய்ச்சலே இல்லையே, ஏன் இது என்று நிறுத்திவிடாதீர்கள்.

வயலோடு தொடர்புடையவர்களுக்கு ஒரு வார்த்தை. பயிர்ப் பூஞ்சணத்துக்குத் தெளிக்கும் தெபுகொனசோல் போன்றவையும் வொரிகொனசோலும் ஒரே மருந்துக் குடும்பம். வயலில் அதற்குப் பழகிய அஸ்பேர்ஜிலஸ், நோயாளியின் மருந்துக்கும் அடங்காமல் போவதை நெதர்லாந்து போன்ற நாடுகளில் கண்டிருக்கிறார்கள். போத்தலில் எழுதிய அளவுக்கு மேல் அடிக்காமல் இருக்க இதுவும் ஒரு காரணமாக இருக்கட்டும்.

வீட்டில்

முதலில் இது: நுரையீரல் அஸ்பேர்ஜிலஸ் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. எங்கள் வீட்டில் மாமாவுக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய் வைத்தார்கள். பேரப்பிள்ளையைத் தூக்க விடவில்லை. வந்தவர்கள் வாசலிலேயே நின்று விசாரித்துப் போனார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாப்பாடு குறைந்தது. அவருடைய நெஞ்சிலிருந்து பேரப்பிள்ளைக்கு ஒன்றும் வராது. தடிமன், காய்ச்சல் உள்ளவர்கள் அவருக்குக் கிட்டப் போகாமல் இருப்பது வேறு விடயம், அது அவரைக் காப்பதற்கு. சுகமான பிள்ளை மடியில் இருக்கலாம்.

வித்தியில்லாத காற்று நம் வீடுகளில் கிடையாது. பெரிய மாற்றுச் சிகிச்சை நிலையங்களில் காற்றை ஹெப்பா என்ற வடிகட்டியால் வடிகட்டி அறைக்குள் விடுவார்கள். வீட்டில் நாம் செய்யக்கூடியது, பெருங்குவியலாக வித்தி கிளம்பும் இடங்களிலிருந்து அவரை விலக்கி வைப்பது. நெல் வெட்டும் மெசின் ஓடும் இடம், வைக்கோல் கட்டுவது, உமி அள்ளுவது, எரு கிளறுவது, கோழிக்கூடு, இடிக்கும் சுவர். கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கும் நாட்களில் அந்தப் பக்கத்து யன்னல். கூட்டும்போது காய்ந்த தும்புத்தடிக்குப் பதில் ஈரத் துணி, அதுவும் அவர் அறையில் இல்லாதபோது. பூச்சாடிகள் வெளியே. வெளியே போக வேண்டி வந்தால் என்95 முகக்கவசம். பூஞ்சணம் பிடித்த பாணின் அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கும் பழக்கம் இந்த வீட்டில் வேண்டாம். எருமைத் தயிரை மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். வெண்கலம் ஏறும்வரை காய்ச்சாதது எதுவும் இல்லை என்று மாமி மறுத்துவிட்டா. சுருட்டையும் நிறுத்த வைத்தோம், புகையிலைத் தூளிலும் இந்த வித்திகள் இருக்கும்.

வெள்ளம் வந்த வீடு தனியாகச் சொல்லப்பட வேண்டியது. தண்ணீர் வடிந்து இரண்டு மூன்று நாளில் சுவரிலும் மெத்தையிலும் பூஞ்சணம் ஏறிவிடும். சுவர் கழுவி நன்றாகக் காயும்வரை நோயாளியை உயரமான இடத்து உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள், கழுவும் வேலைக்கு அவரைக் கிட்டவும் எடுக்காதீர்கள்.

மாமா இரண்டாம் சுற்று முடிந்து வந்த ஒன்பதாம் நாள், சொல்லாமல் களத்துக்குப் போய் வைக்கோல் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தார். மாமி இன்றும் அதைச் சொல்லி அழுவா. அதனால்தான் வந்ததா என்று நான் கேட்டபோது டொக்டர் சொன்னது, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், முன்பே சுவாசித்த வித்தியாகவும் இருக்கலாம் என்று. எந்த மூச்சில் உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. மாமிக்கு அதை அடிக்கடி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக, ஸ்கேன் பற்றி ஒன்று. மருந்து தொடங்கி முதல் ஏழு, பத்து நாளில் திரும்ப சி.டி. எடுத்தால் அந்தக் கட்டி பெரிதாகியிருப்பதாகத் தெரியலாம், மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதும். நியூட்ரோபில் திரும்பி வந்த பிறகு, செத்த பகுதி சுற்றுச்சுவரிலிருந்து சுருங்கி விலகி, பிறைபோலக் காற்று தெரியும். அது ஆறும் அடையாளம். ஆனாலும் இரத்தக் குழாய் பக்கத்தில் இருந்தால் அந்த வேளையில்தான் இரத்தமாக இருமக்கூடும், அப்படி வந்தால் உடனே வைத்தியசாலை. மாமாவின் இரண்டாவது ஸ்கேனில் கட்டி பெரிது என்று எழுதியிருந்ததைப் பார்த்து அந்த வாட்டு வராந்தாவில் நாங்கள் அழுதோம். மூன்றாவதில் பிறை வந்தது. நாலாவதில் ஒரு சின்னத் தழும்பு. அதற்கிடையில் புற்றுநோய்க்கான அடுத்த சுற்றை மூன்று வாரம் தள்ளி வைத்து, பூஞ்சண மருந்தை நிறுத்தாமலே ஏற்றினார்கள்.

இந்தப் பெரும்போக வெட்டுக்கு மாமா வந்தார். மெசின் தெற்கே ஓடியது. வாடைக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் பார்த்து, காற்று முதுகில் படும்படி றோட்டில் கதிரை போட்டு, முகக்கவசத்தோடு இருந்தார். எத்தனை மூடை என்று மட்டும் அங்கிருந்தே கத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.